தண்ணி கொடுக்காத வைத்தியம்

பிள்ளைக்கு வயித்தால போனா எங்க வீட்டுல மருந்துக்குப் பஞ்சமே கிடையாது. வசம்பு, மாசிக்காய், சாதிக்காய், ஓமம், மாதுளம்பிஞ்சு, எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு குசினி அலமாரியில இருக்கும். டப்பா கொழும்பு டப்பா, உள்ள இருக்கிறது நாட்டு மருந்து. அதுக்குச் சொந்தக்காரி எங்க மைனி.

மைனின்னா எங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த அக்கா. நான் வாக்கப்பட்டு வந்தது தூத்துக்குடியில, திரேஸ்புரம் பக்கம். வந்த அன்னைக்கே தெரிஞ்சு போச்சு, அந்த வீட்டுல ராச்சியம் மைனியோடதுன்னு. மாமியார் மாமனார் கிடையாது. எங்க வீட்டுக்காரர் கொழும்புக்கு ஓடுற சரக்குத் தோணியில வேலை. வெங்காயமும் வத்தலும் ஏத்திக்கிட்டுப் போவாங்க. போனா வர்ற அன்னைக்கு வருவாரு, கேட்டா காத்தைக் கேளும்பாரு. மைனி புருஷன் செத்துப் போயிட்டாரு. பெத்த பிள்ளைக ரெண்டு. ரெண்டுமே பல்லு மொளைக்கிற வயசுல வாந்திபேதியில போயிருச்சு. அதுக்கப்புறம்தான் தம்பி வீட்டோட வந்து இருந்துட்டா.

எனக்கு மவன் பிறந்ததும் அவன் என் பிள்ளையா மைனி பிள்ளையான்னு தெருவுல உள்ளவங்களுக்கே சந்தேகம். குளிப்பாட்டுறது மைனி, சாம்பிராணி போடுறது மைனி, மை வைக்கிறது மைனி. பால் குடுக்க மட்டும் என்கிட்ட வருவான். குடிச்சு முடிச்சதும், "குடுளா இங்கன, ஏப்பம் விட வைக்கத் தெரியாது ஒனக்கு" அப்படின்னு வாங்கிக்குவா. எனக்கு உள்ளுக்குள்ள எரியும். வாய்க்காரிதான் நான், ஆனா மைனிகிட்ட வாயைத் திறக்க மாட்டேன். அவ பட்ட பாட்டுக்கு அது ஒரு சந்தோஷம்னு விட்டுருவேன்.

சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரி. வயித்து வலியில பிள்ளை காலை ஒதறிக்கிட்டு வீறிட்டு அழுதா, தன் ரெண்டு காலையும் நீட்டி, அதுல குப்புறப் போட்டு, உள்ளங்கையை விளக்குச் சூட்டுல காட்டிக் காட்டி முதுகுல ஒத்தடம் குடுப்பா. அரை நாழிகையில வாயு பிரிஞ்சு பிள்ளை தூங்கிரும். வசம்பைச் சுட்டுக் கரியாக்கி விளக்கெண்ணெயில குழைச்சு தொப்புளைச் சுத்திப் போடுவா. வசம்புன்னு சொல்லமாட்டா, "பேர் சொல்லாதது"ம்பா. உப்பு மிளகா சுத்தி அடுப்புல போட்டுட்டு, அதே கையால பிள்ளை நெத்தியில சிலுவையும் போடுவா. என்ன மைனி ரெண்டுமான்னு கேட்டா, "எந்தப் பக்கத்துல இருந்து வந்திருக்குன்னு யாருக்குளா தெரியும், ரெண்டு பக்கமும் சொல்லி வைப்போம்" அப்படிம்பா.

ஆனா வயித்தால போறதுக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. தண்ணி கிடையாது. தெருவுல எல்லா வீட்டுலயும் அதே சட்டம்தான். எங்க மைனி கொஞ்சம் கூடுதல், தாய்ப்பாலும் கிடையாது. "ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துனா நிக்குமாளா? ஊத்த ஊத்த ஒழுகும். முதல்ல ஓட்டை அடையட்டும், அப்புறம் ஊத்தலாம்." கேக்கிறதுக்கு நியாயமாத்தான இருக்கு? பிள்ளைக்குத் தண்ணியா போவுது, தண்ணியைக் குடுத்தா இன்னும் தண்ணியாத்தான போவும்? லங்கணம் பரம ஔஷதம், பட்டினிதான் பெரிய மருந்துன்னு பெரியவங்க சொன்னது இதுக்குத்தான்னு நானும் நினைச்சிருந்தேன்.

புதுத் துறைமுகத்துக்கு வேலை நடந்துக்கிட்டிருந்த சமயம் அது. கல்லு ஏத்திக்கிட்டு லாரி போற தூசியும் கருவாட்டு ஈயும் சேந்து, தெருவுல ஒரு பிள்ளை பாக்கியில்லாம வயிறு கெட்டுப் போய்க் கிடந்துச்சு. தவக்காலம், வெயில் மண்டையைப் பொளக்குது. எங்க பயலுக்கு அப்பத்தான் கீழ் ஈறுல ரெண்டு பல்லு வெள்ளையாத் தெரிஞ்சுது. தவழ்ந்து போய் கையில கிடைச்சதை எல்லாம் வாயில வைப்பான். மண்ணு, செருப்பு, காயப்போட்ட நெத்திலி, எதுவும் தப்பாது. ஒரு நாள் காலையில இருந்து பச்சையாப் போக ஆரம்பிச்சான். சாயங்காலத்துக்குள்ள வெறும் தண்ணி.

"பல்லுப் பேதி" அப்படின்னுட்டா மைனி. சொல்லும்போதே முகம் கறுத்துப் போச்சு. அவ பிள்ளைக போனதும் அதே வயசுல, அதே பேதியில. மறுநாள் விடிஞ்சதும் ரெண்டு பேருமா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு கன்னியர் மடத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க இருந்த சிஸ்டர் வயித்தைத் தட்டிப் பாத்து, வாயைத் திறந்து நாக்கைப் பாத்து, ஒரு பொடி மடிச்சுக் குடுத்தாங்க. "பாலை நிறுத்தாதீங்க. கஞ்சித் தண்ணியில கொஞ்சம் உப்புப் போட்டு அடிக்கடி குடுங்க. கண்ணீரு எவ்வளவு கரிக்குமோ அவ்வளவுதான் உப்பு" அப்படின்னாங்க.

மைனி அங்க தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டா. சிஸ்டருக்குத் தோத்திரம் சொல்லிட்டு வந்தா. தெரு முக்கு திரும்பினதும் ஆரம்பிச்சா. "பிள்ளை பெறாதவளுக்கு பிள்ளை வைத்தியம் என்னளா தெரியும்? ஜெபம் பண்ணச் சொல்லு, நல்லா பண்ணுவாங்க. வயித்தால போறவனுக்குக் கஞ்சித் தண்ணியாம்! இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா மீன் குழம்பும் குடுக்கச் சொல்லியிருப்பாங்க."

நான் சிரிச்சேன். அந்தப் பயத்துலயும் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சதோட மைனி பக்கம் சாஞ்சுட்டேன். பொடியை மட்டும் தேன்ல குழைச்சுக் குடுத்தோம். தண்ணியும் இல்ல, பாலும் இல்ல. உதடு காயும்போது மைனி ஈர விரலால ஒரு தடவு தடவி விடுவா, அவ்வளவுதான்.

அன்னைக்குப் பொழுது பூரா இப்படித்தான். பிள்ளை மைனி மடியில கிடக்கான். நான் எதுத்தாப்புல உக்காந்திருக்கேன். அவன் சிணுங்குற நேரமெல்லாம் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையுது. கைத்துணி லேஞ்சியை மடிச்சு உள்ள வச்சா அதுவும் நனையுது. வாடை பிடிச்சு அவன் என் பக்கம் தலையைத் திருப்புவான். மைனி முந்தானையால அவன் முகத்தை மறைப்பா. "அங்கிட்டுப் போய் இருளா, ஒன்னைக் கண்டாத்தான் அழுகான்." நான் எந்திரிச்சுக் கொல்லையில போய், பாலைப் பீச்சி வேப்பமரத்து மூட்டுல விட்டுட்டு வருவேன். மரத்துக்குப் பால், பிள்ளைக்குப் பட்டினி. இந்தக் கூத்து வேற எங்கயும் உண்டா?

அடுத்த நாள் காலையில பிள்ளை ஒதறல, வீறிடல, கொடியாத் தொவண்டு கிடந்தான். உச்சிக்குழி பள்ளமா விழுந்திருந்துச்சு. அதுக்கும் மைனிகிட்ட வைத்தியம் உண்டு, உச்சியில விளக்கெண்ணெயை வச்சு நிரப்புறது. நிரப்பினா. எண்ணெய் அதுல குளம் மாதிரி நின்னுச்சு. அதைப் பாத்துட்டு மைனியே பயந்து போயிட்டா. "மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி நேந்துக்கிட்டு வாரேன். நீ பக்கத்துல இரு" அப்படின்னு எந்திரிச்சவ, குசினிக் கதவைச் சாத்திப் பூட்டி சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. நல்ல தண்ணிப் பானை உள்ளதான் இருக்கு. வாசல்ல நின்னு திரும்பி, "பாலைக் காட்டிராதளா. பாசத்துல பிள்ளையைக் கொன்னுராத" அப்படின்னுட்டுப் போனா.

அவ தலை மறைஞ்சதும் பிள்ளை அழுதான். பூனைக்குட்டி கணக்கா ஒரு சத்தம். முகம் அழுகைக்குக் கோணுது, வாய் பிளக்குது. நான் வழக்கம்போல கன்னத்தைத் துடைச்சேன். கையில ஈரமே இல்ல. திரும்பத் துடைச்சேன். கண்ணுக்குக் கீழ விரலை வச்சுப் பாத்தேன். காஞ்ச ஓலையைத் தொட்ட மாதிரி இருக்கு. அழுகான், கண்ணீர் வரல.

எனக்கு எங்க வீட்டுக்காரர் சொல்லுத கதை ஞாபகம் வந்துச்சு. அந்தக் கதையைக் கேக்காத ஆளு எங்க தெருவுல கிடையாது. யாரு வீட்டுக்கு வந்தாலும் சோத்தைப் போட்டு, கூட அந்தக் கதையையும் போடுவாரு. "ஆரம்பிச்சுட்டான்" அப்படின்னு மைனி எந்திரிச்சுப் போயிருவா. ஒரு நடை கொழும்புல இருந்து திரும்பி வரும்போது நடுக்கடல்ல காத்து செத்துப் போச்சாம். பாய் தொங்கிப் போய் தோணி நின்ன இடத்துல நிக்குது. குடிதண்ணிப் பீப்பா கசிஞ்சு அம்புட்டும் அடியில போயிருச்சு. சுத்திலும் கடலு, குடிக்க ஒரு சொட்டு இல்ல. கூட இருந்தவன் ஒருத்தன் ஆத்தாளை நினைச்சு அழுதானாம். "அழுதான், கண்ணுல தண்ணி வரல. ஒடம்புல இருந்தாத்தான கண்ணுல வரும்?" அப்படிம்பாரு. கண்ணு குழி விழுந்து, நாக்கு மரக்கட்டையாப் போயி, கடைசியில எல்லாரும் பேச்சு மூச்சு இல்லாம சுருண்டு கிடந்தாங்களாம். அப்புறம் காத்து எழும்பி வேற ஒரு தோணி வந்து தண்ணி குடுத்துச்சு. அப்ப தண்டல், தோணிக்குத் தலைவரு அவருதான், பீப்பா மேல ஏறி உக்காந்துக்கிட்டாராம். தேங்காச் சிரட்டையில ஆளுக்கு ஒரு வாய், அப்புறம் பொறுத்து இன்னொரு வாய். பறிச்சு மடக்கு மடக்குன்னு குடிச்சவன் அம்புட்டையும் கக்கிட்டானாம்.

என் மடியில கிடக்கிற பிள்ளைக்கு அதே கண்ணு, அதே நாக்கு. வயித்தால போனதுனால மட்டும் இப்படிக் கிடக்கல இவன், தாகத்துலயும் கிடக்கான்! வீட்டுல பானை நிறையத் தண்ணியை வச்சுக்கிட்டு, என் நெஞ்சு நிறையப் பாலை வச்சுக்கிட்டு, நடுக்கடல்ல கிடக்கிற மாதிரி பிள்ளையைப் போட்டு வச்சிருக்கோம்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அட பாவிகளான்னு வாய்விட்டே சொன்னேன்.

நெஞ்சுல வச்சேன். அவனுக்குச் சப்பத் தெம்பில்ல. மருந்து குடுக்கிற சங்கு தொட்டிலுக்குப் பக்கத்துலயே கிடந்துச்சு. அதுல பாலைப் பீச்சி வாயில ஊத்தினேன். அவசரத்துல நிறைய ஊத்திட்டேன் போல, உடனே கக்கிட்டான். எனக்கு உசிரு போயிருச்சு. அப்புறம்தான் தண்டல் குடுத்த மாதிரி குடுக்கணும்னு தோணுச்சு. ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. அது உள்ள போச்சு. இன்னும் ஒண்ணு, அதுவும் போச்சு. கொஞ்ச நேரத்துல சங்கு மூக்கை நாக்கால தேட ஆரம்பிச்சான். நான் கொஞ்சுறேன், ஏசுறேன், அழுறேன், எல்லாம் ஒண்ணாப் பண்ணுறேன்.

மைனி வந்து நின்னதை நான் பாக்கல. "அடிப்பாவி!" அப்படின்னு ஒரு சத்தம். மெழுகுதிரி மிச்சத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடி வந்து சங்கைப் பிடுங்க வந்தா. "நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேனேளா! எடு! கொல்லாத, எடு!"

நான் பிள்ளையைக் கட்டிக்கிட்டுத் திரும்பி உக்காந்தேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு மொத தடவையா அவளை எதுத்துப் பேசினேன். "மைனி, சாவியைக் குடுங்க."

"மாட்டேன்."

"ஒங்க தம்பி சொல்லுவாருல்லா, தோணியில ஒருத்தன் கண்ணீர் இல்லாம அழுதான்னு? இவன் முகத்தைத் தொட்டுப் பாருங்க. அழுகான் பாருங்க. தொடுங்க மைனி!"

மைனி என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. அப்புறம் குனிஞ்சு அவன் கண்ணுக்குக் கீழ விரலை வச்சா. வச்ச விரலை எடுக்கவே இல்ல. இன்னொரு கண்ணுலயும் தொட்டுப் பாத்தா. விரலைத் தன் கண்ணு முன்னால கொண்டு போய்ப் பாத்தா. முந்தானையை அவுத்தா, முடிச்சு இறுகிப் போய் வரல. பல்லால கடிச்சு இழுத்து சாவியை எடுத்தா.

பச்சரிசியை வறுத்து, உடைச்சு, குழைய வேக வச்சு வடிச்சது மைனிதான். அடுப்பை ஊத ஊத என்னைத் திட்டிக்கிட்டே இருந்தா. கல்லுப்பை அம்மியில நுணுக்கி, போட்டுக் கலக்கி, நாக்குல விட்டுப் பாத்து, "இது கண்ணீரை விடக் கூடப் போச்சு" அப்படின்னு இன்னும் கஞ்சித் தண்ணி ஊத்தினா. மடத்து சிஸ்டர் சொன்னது ஒரு வார்த்தை விடாம அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கு, பாருங்க.

உடனே எல்லாம் சரியாயிரல. குடிக்கக் குடிக்கப் போய்க்கிட்டும் இருந்தான். ஒவ்வொரு தடவை துணி நனையும்போதும் மைனி, "பாத்தியா, ஒழுகுது பாத்தியா" அப்படிம்பா. கை மட்டும் சங்கை விடாது. போறது போவட்டும், போறதை விடக் கூடக் குடுப்போம்னு நான் பாலும் கஞ்சித் தண்ணியுமா மாத்தி மாத்திக் குடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பாத்துட்டு, "பேதிக்காரனுக்குக் கஞ்சியா? என்ன ஏளா, ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" அப்படின்னா. "ஆமா, பிடிச்சிருக்கு. ஒன் சோலியைப் பாத்துக்கிட்டுப் போ" அப்படின்னு மைனி விரட்டி விட்டா. எனக்கு அவளைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

அன்னைக்குப் பொழுது அடையற நேரம், மைனி கத்தின கத்துல நான் விளக்குத் துடைச்சுக்கிட்டிருந்த துணியோட ஓடினேன். "ஏளா, மூத்திரம் போயிட்டான்! இங்கன பாரு, மூத்திரம் போயிட்டான்!" அவ சேலை மடியெல்லாம் நனைஞ்சு கிடக்கு. எப்பவாவது கோயிலுக்குப் போற நேரத்துல அவன் தன் மேல மூத்திரம் போனா ஊரைக் கூட்டி ஏசுறவ, அன்னைக்கு நனைஞ்ச சேலையோட உக்காந்து சிரிக்கா. நானும் சிரிச்சேன். ராசா கண்ணு, இன்னும் போடா, ஒங்க அத்தை மேல போடான்னு அவன் வயித்துல முத்தம் குடுத்தேன்.

அப்புறம் நாளுக்கு நாள் தேறினான். கஞ்சித் தண்ணி கஞ்சியாச்சு, கஞ்சி குழைஞ்ச சோறாச்சு. எனக்குப் பால் ஊறணும்னு மைனி காரல் மீனாத் தேடி வாங்கிட்டு வந்து சொதி வச்சா. முள்ளைப் பாக்காம மென்னு தின்னுளான்னு பக்கத்துலயே உக்காந்து திங்க வைப்பா. வீடு பழையபடி ஆயிருச்சுன்னுதான் நான் நினைச்சேன். மைனி மட்டும் சரியில்ல. மீன்காரிகிட்டக் கூட சண்டை போடல.

ஒரு நாள் காலையில கொல்லையில பயலை மடியில வச்சு, கிண்ணத்துல தண்ணி குடுத்துக்கிட்டிருந்தா. அவன் ரெண்டு கையாலயும் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு, பாதி வாயிலயும் பாதி நெஞ்சுலயுமா குடிக்கான். நான் துணி அலசிக்கிட்டிருந்தேன்.

"ஏளா, பெரியவளுக்குக் காய்ச்சலும் இருந்துச்சு" அப்படின்னா மைனி. தன் மூத்த பிள்ளையைச் சொல்லுதான்னு எனக்குப் புரிய கொஞ்ச நேரமாச்சு. அவ அந்தப் பிள்ளைகளைப் பத்தி என்கிட்டப் பேசினதே கிடையாது.

"நெத்தியில ஈரத் துணி போட்டிருந்தேன். அதை இழுத்து வாயில வச்சுச் சப்புனா. பேச்சு வராத பிள்ளை. பிடுங்கித் திரும்ப நெத்தியில போட்டேன். திரும்ப இழுத்துச் சப்புனா. தண்ணி உள்ள போயிரும்னுட்டு, அதுக்கப்புறம் நான் துணியே போடல."

நான் அலசுறதை நிறுத்திட்டேன்.

"அது தாகத்துலயாளா போச்சு?"

ஈரக் கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு அவ பக்கத்துல போய் உக்காந்தேன். "இல்ல மைனி. ஒங்க பிள்ளைகளுக்கு வந்தது காலரா. அது வேற. அதுக்குத் தண்ணி குடுத்தாலும் நிக்காது, ஆளைக் கொண்டு போயிரும். மடத்து சிஸ்டரே என்கிட்டச் சொன்னாங்க."

சிஸ்டர் அப்படி ஒண்ணும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல.

மைனி என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா. பயல் நெஞ்சுல வழிஞ்ச தண்ணியை முந்தானையால துடைச்சா.

"பொய் சொல்லுத" அப்படின்னா. "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.